பின்னாடி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு

"உள்ள உக்காந்தா சத்தமே கேக்காதுங்க ஐயா" என்றான் ஹக்கீம், டயரைத் தட்டிக்கொண்டே. டயரை எதற்குத் தட்டுகிறான். தேங்காயா அது. சென்னியப்பன் கடைக்குள் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது, அதற்குள் மூன்று டயரை உருட்டிக்கொண்டு வந்து எதிரே வரிசையாக நிறுத்திவிட்டான், டீ சொல்லட்டுங்களா என்று கேட்டான், வேண்டாம் என்றார், டீ வந்துவிட்டது. ஸ்டூல் மேல் ஆடை கட்டிக்கொண்டு கிடக்கிறது. கிடக்கட்டும். எல்லாருக்கும் வாய். அவர் வந்ததும் சொன்னது ஒன்றே ஒன்று. காலையில் கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் வண்டி பின்னாடி இழுத்துவிட்டது, டயர் மாற்ற வேண்டும். அதற்கு மேல் இதில் பேச என்ன இருக்கிறது. முப்பது வருஷம் தேயிலை ஃபாக்டரி லாரி ஓட்டியவரிடம் இவன் டயரைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். மழைக்கு இது, வெயிலுக்கு இது, இது ஆல் சீசனுங்க, எல்லாக் காலத்துக்கும் ஒண்ணே போதும். எல்லாக் காலத்துக்கும். மேலே என்ன காலம் இருக்கிறது என்று இவனுக்குத் தெரியுமா. பனி, மழை, ரோட்டை மறைக்கிற மஞ்சு, மறுபடி மழை. மேட்டுப்பாளையத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறான். வெளியே தகரக் கூரை தகதகவென்று காய்கிறது, ரப்பர் வாசனை தொண்டையில் ஒட்டுகிறது. காலையில் அங்கே கண்ணாடி துடைக்கத் துடைக்க வெள்ளை. ரோடு முழுக்க யூகலிப்டஸ் இலை நனைந்து ஒட்டிக்கிடந்தது. அந்த இலை வழுக்கும். நிச்சயமாக வழுக்கும். அதுவும் டயரும் சேர்ந்து இழுத்துவிட்டது. வேறென்ன. சத்தமே இல்லாமல் இழுத்தது. இழுத்ததற்கு முன்னாலும் சத்தம் இல்லை. காருக்குள் அவ்வளவு அமைதி. ஏன் அவ்வளவு அமைதி என்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இங்கே வருகிறவரை யோசித்துக்கொண்டே வந்தார். பிடிபடவில்லை. பல்லிடுக்கில் சிக்கின நார் மாதிரி நாக்கு அங்கேயேதான் போகிறது.

வீட்டுக்காரி தெய்வாத்தாள் இந்நேரம் டயாலிசிஸ் மெஷினில் கிடப்பாள். இரண்டு தெரு தள்ளித்தான் ஆஸ்பத்திரி. திங்கள், வியாழன். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்ப உள்ளே வர நாலு மணி நேரம், மெஷின் கிடைக்கக் காத்திருப்பது தனி. மற்ற நாளென்றால் அவர் வேப்பமர நிழலில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் எவனாவது வந்து உங்களுக்கு யாருங்க உள்ள என்று ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வார். மூன்று வருஷமாக இப்படித்தான். மூன்று வருஷமாக அந்த மலையில் இறங்கி ஏறி, இறங்கி ஏறி. கால் டாக்ஸி வச்சுக்கங்கப்பா என்று மகன் பெங்களூரிலிருந்து சொல்வான். டாக்ஸிக்காரன் இந்த வளைவுகளில் ஓட்டுகிற அழகை அவர் பார்த்திருக்கிறார். வளைவுக்குள் வந்த பிறகு பிரேக்கை மிதிக்கிற பயல்கள். வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறை, இஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை நம்பாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். தலையில் குட்டியே சொல்லியிருக்கிறார். காலையில் இழுத்த அந்த வளைவு மற்றதைப் போலக் கிடையாது. மேலிருந்து வரும்போது அகலமாகத் தெரியும், திரும்பினதும் சுருங்கிவிடும். ரெண்டாவது கியர். லாரியானாலும் ரெண்டு, காரானாலும் ரெண்டு. தெய்வாத்தாளுக்கும் அந்த வளைவு தெரியும். கல்யாணம் ஆகி வந்த அன்றைக்கே லாரியில் முன்சீட்டில் வைத்துத்தான் மேலே கூட்டிப்போனார். இறங்கும்போது மட்டும் பயப்படுவாள். வளைவு வருவதற்கு முன்னாலேயே கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள், கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்பாள். உன் முருகன் ஸ்டீரிங் பிடிப்பானா என்பார் அவர். நீங்க புடிக்கறதே அவன் சொல்லித்தானுங்க என்பாள். நாற்பது வருஷமாக இதே பேச்சு. இடது கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்து டயாலிசிஸுக்கு வழி பண்ணின பிறகு அந்தக் கையில் பாரம் கூடாது என்றார்கள். அன்றிலிருந்து வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து அதே கைப்பிடியைப் பிடிப்பாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கைகட்டி உட்காருவது போல இருக்கும். பார்த்தால் சிரிப்பு வரும், சிரிக்கமாட்டார். இன்றைக்கு அவள் கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

பிடிக்கவில்லை. அதுதான். காலையிலிருந்து அதைச் சுற்றித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார். வண்டி பின்னாடி அலைந்து வால் வெளிப்பக்கமாகப் போய், கண்ணாடியில் ரோடு போய் மஞ்சு வந்து, மஞ்சு போய்ப் பக்கத்துச் சுவரின் வெள்ளைக்கல் வந்து, தெய்வாத்தாள் உட்கார்ந்திருந்த பக்கம் கல்லுக்கு ஒரு கை அகலத்தில் வண்டி நின்றது. நின்றபோது திரும்பிப் பார்த்தார். இரண்டு கையும் மடியில் இருந்தது. உள்ளங்கை மேல் பார்த்து, ஒன்றின்மேல் ஒன்று. கண் திறந்திருந்தது. முருகா இல்லை. மஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவளைப் போல. பயந்தவள் முகம் இல்லை. பயந்திருந்தால் அவர் திட்டியிருப்பார், திட்டினால் எல்லாம் சரியாகியிருக்கும். "போலாங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மேட்டுப்பாளையம் வரை ஒரு வார்த்தை இல்லை. கை வலித்திருக்கும். வலது கையிலும் போன வாரம் ஊசி போட்டார்கள், அது வீங்கியிருந்தது, அதனால் தூக்க முடியாமல் இருந்திருக்கும். ஆமாம், ஊசிதான். ஆனால் காலையில் அதே கையால்தான் தலை பின்னிக்கொண்டாள். அவர் பார்த்தார். வாசலில் நின்று, நேரமாச்சு, நேரமாச்சு என்று கத்திக்கொண்டே பார்த்தார். நேற்றுச் சாயங்காலமும் கத்தினார். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் சொன்னதை அவர்தான் காலையில் அளந்து சொம்பில் ஊற்றி வைப்பார், சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். இன்னொரு அரை டம்ளர் குடுங்க என்றாள். முடியாது என்றார். நாக்கு ஒட்டுதுங்க என்றாள். ஒட்டட்டும், மூச்சு முட்டினா என்ன பண்ணுவே என்றார். ஃபிரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ்கட்டியை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாயில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கரைகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரைந்து விரலிடுக்கு வழியாக வழிந்து சேலையில் சொட்டி நின்றது. அப்போதும் இந்தக் கை மடியில்தான் இருந்தது, உள்ளங்கை மேல் பார்த்து.

"ஐயா, எத்தனை வருஷம் ஓட்டப் போறீங்க?" ஹக்கீம் கேட்டான். என்ன என்று நிமிர்ந்தார். "வண்டியைங்க. சீக்கிரம் குடுத்துருவீங்கன்னா இந்த டயர் போதும். வச்சு ஓட்டுவீங்கன்னா அது. அதைப் போட்டா அஞ்சு வருஷம் திரும்பிப் பாக்க வேண்டாம்." அஞ்சு வருஷம். சென்னியப்பன் குனிந்து டயரின் பக்கத்தில் அச்சடித்திருந்த எண்ணைத் தடவினார். எந்த வருஷம், எந்த வாரம் செய்த டயர் என்று அதில் இருக்கும். கண்ணுக்கு அவ்வளவு பொடி எழுத்து தெரியாது, விரலால் படித்தார். புதுசுதான். இரண்டு மாசம் முன்னால் பிறந்த டயர். இது அஞ்சு வருஷம் ஓடும். எதை ஏற்றிக்கொண்டு ஓடும். டாக்டரிடம் ஒருநாள் இதே கேள்வியை அவர் கேட்டார், இன்னும் எத்தனை வருஷம் என்று. டாக்டர் சின்னப் பிள்ளை, பேனாவை மூடி மூடித் திறந்தது. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரிங்க என்றது. டயருக்கே எழுதி வைத்திருக்கிறான். மனுஷிக்கு ஒவ்வொரு மாதிரியாம். அன்றைக்குத் தெய்வாத்தாள் கூடத்தான் இருந்தாள். வெளியே வந்ததும், அதையெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க, அந்தப் புள்ளை பாவம் என்றாள். இன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதும் அப்படித்தான். டயர் மாத்திட்டு வர்றேன் என்றார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "இப்ப எதுக்குங்க புது டயரு?" என்றாள். எதுக்கா. வழுக்குதுடி, பாத்தியல்ல. அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். எதுக்கு என்றால் என்ன அர்த்தம். செலவு எதற்கு என்றா. அப்படித்தான் இருக்கும், சேலை எடுத்தாலும் எதுக்குங்க என்கிறவள்தான். ஆனால் இப்ப எதுக்கு என்றாள். இப்ப.

"வண்டியை ஜாக்கியில ஏத்தியாச்சு, வாங்க பாத்துரலாம்" என்று ஹக்கீம் கூப்பிட்டான். போனார். கார் நாலு காலும் தரையில் படாமல் தொங்கிற்று, பார்க்கச் சகிக்கவில்லை. ஹக்கீம் முன்சக்கரத்தைச் சுற்றி, இதெல்லாம் தேஞ்சு போச்சுங்க, பாருங்க, தேய்மானம் காட்டற பட்டன் மட்டத்துக்கு வந்துருச்சு என்றான். சரி. பின்னாடி வந்தான். பள்ளத்துக்குள் விரலை விட்டான். இன்னொரு பள்ளத்துக்குள் விட்டான். இன்னொரு பக்கம் போய் அதையும் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வியாபாரிக்கு வரக்கூடாத குழப்பம் வந்தது.

"ஐயா, பின்னாடி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. இது இன்னும் நல்லா ஓடும். முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தினாப் போதுமுங்க."

"பின்னாடிதான் இழுத்துது."

"டயர் இழுக்கலீங்க. வேற ஏதாச்சும்..."

"நாலும் மாத்து."

"மாத்தறனுங்க, எனக்கு யாவாரந்தான? ஆனா அப்பறம் நீங்களே சொல்லுவீங்க, அந்த ஹக்கீமு நல்ல டயரைக் கழட்டி ஏமாத்திப்போட்டான்னு."

"நாலும் மாத்துன்னேன்."

சத்தம் கொஞ்சம் ஓங்கிவிட்டது. ஹக்கீம் ஒரு அடி பின்னால் போனான். சென்னியப்பன் திரும்பி வந்து ஸ்டூல் பக்கத்தில் உட்கார்ந்து ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார், ஆடையோடு. தானும் விரலை விட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்க வேண்டியதில்லை. காலையில் வீட்டில் காற்றுப் பார்த்தபோதே பார்த்தார். பின்னாடி பள்ளம் இருந்தது. தெரியும். தெரிந்தேதான் இங்கே வந்தார். டீசல் சிந்தியிருக்கும். ஏதாவது லாரி ஏறும்போது டேங்க் மூடி சரியாக இல்லாமல் சிந்திவிட்டுப் போயிருப்பான், மழையில் டீசல் சிந்தினால் எமன். ஆனால் வாசனை இல்லை. கண்ணாடி இறக்கியிருந்தது, தண்ணீர் வாசனையும் இலை வாசனையும்தான் வந்தது. இலை. இலை என்றைக்கும்தான் கிடக்கிறது. நல்ல டயர் இருக்கும்போது அந்த வளைவில் வால் அலைய ஒரே காரணம்தான் உண்டு, அதை அவர் முப்பது வருஷமாக மற்றவன் தலையில் குட்டிச் சொல்லியிருக்கிறார். வேகமாக வந்து, உள்ளே வந்த பிறகு பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். அவர் வேகமாக வரமாட்டார். கியர் குறைத்தால் வேகம் எங்கே வரும். ரெண்டில் போட்டால் இஞ்சின் கத்தும், கத்திப் பிடித்துக்கொள்ளும். இஞ்சின் கத்தவில்லை. அமைதி. அட, அந்த அமைதி. அவ்வளவு அமைதியாக இருந்தது எதனால் என்று காலையிலிருந்து, அவள் பேசாததால் என்று நினைத்தார், மஞ்சால் என்று நினைத்தார், இல்லை, இல்லை, அது கியர். மூணு. மூணாவது கியரிலேயே வந்திருக்கிறார். இஞ்சின் முனகக்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. கை கியர் குமிழ் மேல்தான் இருந்தது. குமிழின் வழவழப்பு இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது. வளைவுக்கு முன்னால் இருக்கிற அம்மன் கோயில் வந்தது, அங்கேதான் குறைக்க வேண்டும், லட்சம் தடவை குறைத்த இடம், கைக்கே தெரியும். கோயில் மஞ்சுக்குள் வந்தது, போனது. கை குமிழ் மேல் இருந்தது. குறைக்கவில்லை. மறந்துவிட்டாரா. எழுபத்து நாலு வயசு, மறதி வரும். மறந்துதான் போயிருக்கும். மறந்தவனுக்குக் கோயில் போனது எப்படி ஞாபகம் இருக்கும். கோயில் போவதைப் பார்த்தார். ரெண்டு என்று மனசு சொன்னதும் கேட்டது. கேட்டுக்கொண்டே கை சும்மா இருந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு தூக்கம் வருகிற மாதிரி ஒரு சுகம் தோளிலிருந்து கைக்கு இறங்கியது. எத்தனை நேரம் அது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருத்தி கைப்பிடியைப் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவர் ரெண்டில் போடவில்லை, அவள் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி. சீ. என்ன நினைப்பு இது. அப்புறம் மிதித்தாரே, கால் மிதித்ததே, மிதித்ததால்தானே வால் அலைந்தது, நின்றது. கால் மிதித்தது. காலுக்கு இருந்த புத்தி கைக்கு இல்லாமல் போயிற்று. வேர்த்தது. கடைக்குள் காற்றடிக்கிற மெஷின் தடதடவென்று ஓடி நின்றது, போல்ட் கழற்றுகிற மெஷின் கிர்ரென்று கத்தியது, அந்தச் சத்தம் நல்லது, இன்னும் கொஞ்சம் கத்தட்டும்.

"அப்ப இதையே போட்டுரலாங்களா? சத்தம் வராதது?" ஹக்கீம் கொஞ்சம் தள்ளியே நின்று கேட்டான்.

"சத்தம் வர்றது எது?"

"ஐயா?"

"உங்கிட்ட சத்தம் போடற டயர் இல்லியா?"

ஹக்கீம் சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. "அது இருக்குதுங்க. பட்டை பெருசு, பள்ளம் ஆழம். மலைக்கு நல்லாப் புடிக்கும். ஆனா ரோட்டுல ஊஊன்னு உறுமும், வீட்டுல அம்மா என்னையத் திட்டுவாங்க."

"அதைப் போடு. நாலும்."

கழற்றின பின்டயர் இரண்டையும் ஹக்கீம் தனியாக எடுத்து வைத்தான். ஒன்றையாவது ஸ்டெப்னிக்கு எடுத்துட்டுப் போங்க, பாவமுங்க, நல்ல டயரு என்றான். வேண்டாம் என்றார். அந்த டயர் வீட்டில் கிடந்தால் தினமும் அவரைப் பார்க்கும்.

தெய்வாத்தாள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இடது முழங்கைக்குக் கீழே பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. மெஷினிலிருந்து எழுந்து வந்தால் அவள் முகம் எப்போதும் துவைத்துப் பிழிந்த துணி. இன்றைக்கும் அப்படித்தான். காரைச் சுற்றி நடக்க மாட்டாள், தெம்பு இருக்காது. இன்றைக்கு நடந்தாள். பின்னாடி போய், குனியாமல், செருப்புக் காலால் புது டயரை லேசாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். அவர் சாவியைத் திருகவில்லை.

"நாலுமா?" என்றாள்.

"நாலும்."

"பின்னாடி நல்லாத்தான இருந்துச்சு."

அவர் ஸ்டீரிங்கைப் பார்த்தார். இவளுக்கு டயரைப் பற்றி என்ன தெரியும். நாற்பது வருஷம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு என்னதான் தெரியாது.

"காத்தால மூணுல வந்தீங்க" என்றாள்.

குற்றம் சொல்லுகிற குரல் இல்லை. சோற்றில் உப்பு இல்லை என்று சொல்லுகிற குரல். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் பின்னால் வந்துகொண்டிருந்தது, பீப் பீப் என்று. அவர் கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பார்த்தார்.

"நீ புடிக்கல."

"நீங்க போடல."

அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன இருக்கிறது. அவர் சாவியைத் திருகினார். ஊரைத் தாண்டும்வரை டயர் உறுமுவது தெரியவில்லை. பாக்குத்தோப்பு போய் ஏற்றம் தொடங்கினதும் கேட்டது, காலுக்கடியில் ஏதோ ஒரு பிராணி கூடவே ஓடி வருகிற மாதிரி. தெய்வாத்தாள் இதென்னங்க இப்படிக் கத்துது என்று கேட்பாள் என்று பார்த்தார். கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள், தலையைக் கொஞ்சம் சாய்த்து. மேலே போகப் போக வெளிச்சம் குறைந்தது, மஞ்சு ரோட்டுக்கு இறங்கி வந்திருந்தது. அந்த வளைவு வந்தது. கீழேயிருந்து வரும்போது அது வேறு வளைவு. வெள்ளைக்கல் எதிர்ப்பக்கம் இருக்கும், பயம் இருக்காது. அவர் ரெண்டில் போட்டார். வேண்டுமென்றே கொஞ்சம் முன்னாலேயே போட்டார். இஞ்சின் கத்தியது, டயர் உறுமியது, கார் முழுக்க ஒரே இரைச்சல். ஓரக்கண்ணால் பார்த்தார். இரண்டு கையும் மடியில். உள்ளங்கை மேல் பார்த்து. ஆனால் இது ஏற்றம். ஏற்றத்தில் அவள் என்றைக்குமே பிடித்ததில்லை. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இறக்கத்தில்தான் தெரியும். இறக்கம் வியாழக்கிழமை. அதற்குள் புதன்கிழமை வரை சொம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அம்மன் கோயில் வந்தது. காலையில் போன அதே கோயில், விளக்கு ஏற்றியிருந்தார்கள். அதைத் தாண்டின பிறகு, இரைச்சலுக்கு மேலாக, கத்தியே கேட்டார்.

"வியாழக்கெழமை புடிப்பியா?"

அவள் பஞ்சு ஒட்டின இடத்தை மற்றக் கையால் அமுக்கிப் பார்த்தாள், ரத்தம் நின்றதா என்று.

"நீங்க ரெண்டுல வாங்க" என்றாள். "அப்பறம் பாக்கலாம்."